சிரிக்க வைப்பவர்கள் எல்லாம் உள்ளுக்குள் அழுபவர்களா?

கேள்வி இது: "உலகத்தையே சிரிக்க வைத்த ராபின் வில்லியம்ஸ் ஏன் தற்கொலை செய்துகொண்டார்? சிரிக்க வைப்பவர்கள் எல்லோருமே உள்ளுக்குள் அழுதுகொண்டிருப்பவர்கள்தானா?"

இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை. முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த மரணத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைப் பற்றி இன்று நிறையவே தெரியும். அன்று அழுதவர்களில் பாதிப் பேருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ராபின் வில்லியம்ஸ் என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு: 'அவ்வை சண்முகி'யின் மூலக்கரு எந்தப் படத்திலிருந்து வந்ததோ, அந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) படத்தில் கிழவி வேஷம் போட்டவர். 'அலாதீன்' கார்ட்டூனில் அந்த நீல பூதத்தின் குரல் அவருடையது. 'டெட் பொயட்ஸ் சொசைட்டி'யில் பையன்களை மேஜை மேல் ஏறி நிற்கச் சொல்லும் வாத்தியார். 'குட் வில் ஹன்டிங்' படத்தில் தாடி வைத்த மனநல ஆலோசகர். அதற்குத்தான் 1998-ல் ஆஸ்கர் வாங்கினார்.

2014 ஆகஸ்ட் 11 அன்று, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டிபுரான் என்ற ஊரை ஒட்டிய தன் வீட்டில் இறந்துபோனார். வயது 63. நமக்குச் செய்தி வந்து சேரும்போது 12-ஆம் தேதி விடிகாலை.

நம் பக்கத்துத் துக்க வீடுகளில் ஒரு வரி தவறாமல் வரும்: "நேத்துக்கூட சிரிச்சுப் பேசிட்டு இருந்தாரே." அன்று உலகம் முழுக்க அந்த வரியைத்தான் வேறு வேறு மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தது. பாஸ்டன் நகரப் பூங்காவில் 'குட் வில் ஹன்டிங்' படத்துக்காக அவர் உட்கார்ந்து பேசிய பெஞ்சைத் தேடிப் போய், பூ வைத்து, சுற்றியிருந்த தரையில் படத்தின் வசனங்களைச் சாக்பீஸால் எழுதினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 'மிஸஸ் டவுட்ஃபயர்' எடுத்த வீட்டு வாசல் பூக்களால் நிறைந்தது. அவரை முதலில் பிரபலமாக்கிய 'மார்க் அண்ட் மிண்டி' தொடரில் காட்டப்பட்ட வீடு கொலராடோவில் போல்டர் என்ற ஊரில் இருக்கிறது, அங்கேயும் அப்படியே. ஆகஸ்ட் 13 மாலை நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் ஒரு நிமிடம் விளக்கைத் தணித்தன. இதையெல்லாம் இன்று நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். இந்தத் துக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதோடு சேர்ந்து பரவிய கதையில்தான் குறை.

அந்த வாரமே பொன்மொழிப் படங்கள் கிளம்பிவிட்டன. கறுப்பு வெள்ளையில் அவர் முகம், கீழே ஒரு வாசகம். அதிகம் சுற்றியது இது: வாழ்க்கையிலேயே கொடுமையானது தனியாக இருப்பது என்று நினைத்தேன், அப்படியில்லை, நம்மைத் தனியாக உணர வைப்பவர்களோடு இருப்பதுதான் கொடுமை என்கிற மாதிரி. அது அவர் மனம் திறந்து சொன்னது இல்லை. 2009-ல் வந்த 'வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் டாட்' என்ற படத்தில் அவர் நடித்த பாத்திரம் பேசும் வசனம். யாரோ எழுதிக் கொடுத்ததை அவருடைய மரண வாக்குமூலம் போல ஆக்கிவிட்டார்கள். அப்போது அவர் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருந்த மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அதைப் படிக்க எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் அந்தக் கோமாளிக் கதை. ஒருவன் டாக்டரிடம் போய், மனசே சரியில்லை என்கிறான். ஊருக்கு ஒரு பெரிய கோமாளி வந்திருக்கிறான், அவனைப் போய்ப் பார், சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். "ஐயா, அந்தக் கோமாளியே நான்தான்" என்று அழுகிறான். தமிழிலும் இதைப் பல பேர் பல மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதை 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனின் ஜோசப் கிரிமால்டி என்ற கோமாளி மேல் ஏற்றிச் சொல்லப்பட்டது.

கிரிமால்டியின் உண்மைக் கதை இதைவிட வேறு. மேடையில் குதித்தும் விழுந்தும் உருண்டும் மூட்டுகள் எல்லாம் போய், நாற்பத்தைந்து வயதை ஒட்டியே ஓய்வு பெற வேண்டி வந்தது. 1828-ல் விடைபெறும் நிகழ்ச்சியில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடித்தார். அதாவது அவருக்கு உடம்பு ஒடிந்து போயிருந்தது. மக்களுக்கு அது சுவாரசியமாக இல்லை. 'சிரிப்புக்குப் பின்னால் கண்ணீர்' சுவாரசியமாக இருந்தது. ராபின் வில்லியம்ஸுக்கும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தோம்.

சரி, அவர் வாழ்க்கையில் துன்பமே இல்லையா? இருந்தது. மறைத்தும் வைக்கவில்லை.

1951-ல் சிகாகோவில் பிறந்தார். அப்பா ஃபோர்டு கார் கம்பெனியில் பெரிய அதிகாரி. பெரிய வீடு, அதிகம் துணையில்லாத குழந்தை. பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு அவற்றுக்குக் குரல் கொடுத்து விளையாடியதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பள்ளி முடிக்கும்போது கலிபோர்னியாவில் கூடப் படித்தவர்கள் அவருக்கு இரண்டு பட்டம் கொடுத்தார்களாம்: 'ரொம்ப வேடிக்கையானவன்', 'உருப்பட வாய்ப்பே இல்லாதவன்'. அப்புறம் நியூயார்க்கில் ஜூலியார்ட் நாடகப் பள்ளி. 1978-ல் தொலைக்காட்சித் தொடரில் வேற்றுக்கிரகவாசி வேடத்துக்கு ஆள் தேடியபோது, "உட்காருங்கள்" என்றதும் நாற்காலியில் தலைகீழாக நின்றார், வேலை கிடைத்துவிட்டது என்பது ஹாலிவுட்டில் எல்லோரும் சொல்லும் கதை.

புகழோடு கொக்கெய்னும் வந்தது. 1982 மார்ச்சில் ஜான் பெலூஷி என்ற சக காமெடியன் போதை மருந்தால் 33 வயதில் இறந்தார். அந்த இரவு ராபின் அவரை அறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அடுத்த வருடம் முதல் குழந்தை பிறக்கவிருந்தது. போதையை விட்டார், குடியையும் விட்டார். மருந்து என்று சொன்னால் சைக்கிள்தான். பைத்தியம் போல சைக்கிள் ஓட்டினார். இருபது வருடம் தொடவே இல்லை. 2003-ல் அலாஸ்காவில் ஒரு படப்பிடிப்பில் மறுபடியும் குடி தொட்டது. 2006-ல் மறுவாழ்வு மையத்தில் போய்ச் சேர்ந்தார். 2009-ல் இதய வால்வு மாற்றும் அறுவை சிகிச்சை. இது எல்லாவற்றையும் மேடையில் நின்று நகைச்சுவையாக்கி டிக்கெட் விற்றவர் அவர். 'யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் அழுதார்' என்பது இங்கேயே பிசகுகிறது.

2006-ல் அமெரிக்கப் பொது வானொலிப் பேட்டி ஒன்றில் மனச்சோர்வு நோயைப் பற்றி நேராகவே கேட்டார்கள். மருத்துவ அர்த்தத்தில் அந்த நோய் தனக்கு இல்லை, மற்றவர்களைப் போல அவ்வப்போது துவண்டு போவதுண்டு என்றுதான் பதில் சொன்னார். அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது அதுதான்.

இப்போது கடைசி வருடத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2013 அக்டோபர் வாக்கில் வயிற்றுக் கோளாறில் தொடங்கியது. மலச்சிக்கல், தூக்கமின்மை, வாசனை தெரியாமல் போவது, இடது கையில் லேசான நடுக்கம், காரணமில்லாத பயம், சந்தேகம். ஒன்று போனால் ஒன்று வரும். சேர்த்துப் பார்த்தால் எந்த நோயிலும் பொருந்தாது. 2014 ஏப்ரலில் வான்கூவரில் 'நைட் அட் தி மியூசியம்' மூன்றாம் பாகப் படப்பிடிப்பு. அங்கே அவருக்கு ஒரு வரி வசனம்கூட மனத்தில் நிற்கவில்லை. மூன்று வருடம் முன்னால்தான் பிராட்வேயில் ஒரு நாடகத்தில் மாதக்கணக்கில், வாரத்தில் பல காட்சிகள், நூற்றுக்கணக்கான வரிகளைப் பிசகாமல் பேசியிருந்தார். அவருக்கு வசனம் என்பது மற்றவர்களுக்கு மூச்சு மாதிரி. அது போகிறது என்பதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 28 அன்று பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். அவர் டாக்டரிடம் கேட்டது: எனக்கு அல்சைமரா? டிமென்ஷியா என்ற நினைவும் அறிவும் தேயும் நோயா? மனச்சிதைவா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில். "என் மூளையை ஒருமுறை ரீபூட் பண்ணினால் போதும்" என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததாக மனைவி சூசன் எழுதியிருக்கிறார். அதற்கு இரண்டரை மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இறந்த மூன்றாம் நாள் சூசன் பார்க்கின்சன் பற்றி வெளியில் சொன்னார். குடிக்கவில்லை என்பதையும் சொன்னார். நவம்பரில் வந்த பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் மது இல்லை, போதை மருந்து இல்லை. மூளையைப் பரிசோதித்ததில்தான் உண்மை தெரிந்தது: லூயி பாடி டிமென்ஷியா. மூளை முழுக்கப் பரவியிருந்தது. 2016-ல் சூசன் நரம்பியல் மருத்துவர்களின் இதழ் ஒன்றிலேயே கட்டுரையாக எழுதினார். தன் கணவரின் மூளைக்குள் இருந்த பயங்கரவாதி என்று அந்த நோயைச் சொன்னார். மனச்சோர்வு அதன் ஐம்பது அறிகுறிகளில் ஒன்று, அதுவும் சின்ன ஒன்று என்று பேட்டியிலும் சொன்னார்.

லூயி பாடி என்பது என்ன? ஆல்ஃபா சைனூக்ளின் என்று ஒரு புரதம். அது கட்டி கட்டியாகத் திரண்டு மூளையின் நரம்பு செல்களுக்குள் படிந்துவிடும். 1912-ல் இதை முதலில் விவரித்த ஃப்ரெடெரிக் லூயி என்ற மருத்துவரின் பெயர்தான் அது. உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்தில் படிந்தால் பார்க்கின்சன் போல நடுக்கம், இறுக்கம். நினைவும் அறிவும் இருக்கும் இடங்களில் படிந்தால் குழப்பம். பயத்தை ஆளும் பகுதியில் படிந்தால் காரணமே இல்லாத நடுக்கமும் சந்தேகமும். உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டுபிடிப்பது அன்று மிகவும் கடினம்.

நான் டாக்டர் இல்லை. என் மாமனாரை நான்கு வருடம் பார்த்துக்கொண்டவன், அவ்வளவுதான். அவருக்கு வந்ததும் இதே வகை. தூக்கத்தில் கையை வீசிச் சண்டை போடுவார். சாயங்காலமானால், "திண்ணையில் பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு பாருங்க மாப்ளே, தண்ணி குடுங்க" என்பார். திண்ணை காலியாக இருக்கும். மறுநாள் காலையில் தெளிவாக பேப்பர் படித்து அரசியல் பேசுவார். அதனால் வீட்டில் பாதிப் பேர் அவர் நடிக்கிறார் என்றே நினைத்தார்கள். முதலில் பார்த்த இடத்தில் 'வயசான காலத்து மனச்சோர்வு' என்று எழுதி, மனக் குழப்பத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் கட்டையாக விறைத்துப்போனார். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் சில சமயம் உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ராபினுக்கும் அப்படி ஒரு மருந்து கொடுக்கப்பட்டு, நிலைமை மோசமானதாக சூசனின் கட்டுரையில் படித்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன்.

இந்தச் சொந்தக் கதையை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. 'சிரித்த முகத்துக்குப் பின்னால் சோகம்' என்று எல்லாவற்றையும் மூடிவிட்டால் வாசனை தெரியவில்லை, மலச்சிக்கல், கை நடுக்கம், தூக்கத்தில் கத்தல், இல்லாததைப் பார்ப்பது போன்றவை யார் கண்ணிலும் படாது. பெரியவர்களிடம் இவை சேர்ந்து தென்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

நோய்தான் காரணம் என்று இன்னொரு ஒற்றை வரியில் கதையை முடிப்பதும் சரியாக இருக்காது. இந்த நோயோடு வருடக்கணக்கில் வாழ்பவர்கள் ஏராளம். என் மாமனாரும் வாழ்ந்தார், கடைசிவரை ரசம் சாதத்துக்கு ஆசைப்பட்டுக்கொண்டு. ஒரு தற்கொலைக்குப் பின்னால் பல விஷயங்கள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஆனால் அவர் வாழ்ந்த அந்தக் கடைசி மாதங்களைப் பற்றிப் பேசும்போது, அவர் மூளையே அவருக்குக் கட்டுப்படாமல் போய்க்கொண்டிருந்தது என்பதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

துக்கப்படும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இறந்த இரவு, ஆஸ்கர் விருது கொடுக்கும் அகாடமி ட்விட்டரில் அலாதீனும் பூதமும் கட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டு, "பூதமே, உனக்கு விடுதலை" என்ற பொருளில் ஒரு வரி எழுதியது. படத்தின் கடைசியில் அலாதீன் சொல்லும் வசனம் அது. லட்சக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். நானும் அழுதுகொண்டே பகிர்ந்தவன்தான். தற்கொலைத் தடுப்பு வேலையில் இருப்பவர்கள் உடனே கண்டித்தார்கள்: சாவை விடுதலையாகக் காட்டாதீர்கள், அதே யோசனையில் இருக்கும் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று. அப்போது எனக்கு, எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறார்களே என்று தோன்றியது.

அவர்கள் பயந்தது நடந்தது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 2014 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அமெரிக்காவில் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 1,841 தற்கொலைகள் அதிகம் நடந்ததாகக் கணக்கிட்டது. சுமார் 10 சதவீதம் கூடுதல். அத்தனைக்கும் அந்தச் செய்திகளே காரணம் என்று ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த விதத்தில் இறந்தார் என்று அணு அணுவாக விவரித்து ஊடகங்கள் எழுதிய மாதங்கள் அவை. இதற்கு நேர்மாறாக, 1994-ல் கர்ட் கொபேன் என்ற ராக் பாடகர் இறந்தபோது அவருடைய சியாட்டில் நகரில் அஞ்சலிக் கூட்டத்திலும் செய்திகளிலும் உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். உதவி எண்ணுக்கு அழைப்புகள் கூடின, தற்கொலைகள் கூடவில்லை.

நம் ஊர்ப் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட செய்திக்குக் கீழே கட்டம் கட்டி எண் போடுவார்கள். நாமும் கண்ணை அதன் மேல் ஓட்டிவிட்டுப் போய்விடுவோம். இங்கே போய்விடாதீர்கள்: தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுக்க மத்திய அரசின் டெலி மானஸ் 14416. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். அழைக்கும் நிலையில் நீங்கள் இல்லாவிட்டால், உங்களுக்காக அழைக்கக் கூடிய ஒருவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

அவர் மகள் செல்டாவுக்கு நடந்ததும் துக்கத்தின் பெயரால்தான். அப்பா இறந்த சில நாட்களுக்குள், அப்பாவின் பிணம் என்று பொய்யான படங்களை அனுப்பியும், நீ ஏன் அவரோடு நிறைய போட்டோ போடவில்லை என்று கேட்டும் துரத்தினார்கள். 25 வயதுப் பெண் ட்விட்டரை விட்டே போனார். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

கடைசியாக, அந்தச் சிரிப்பு முகமூடியா என்ற விஷயம். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

ஜூலியார்டில் அவரோடு படித்தவர் கிறிஸ்டோபர் ரீவ், சூப்பர்மேனாக நடித்தவர். 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நாட்கள். வாழ வேண்டுமா என்றே யோசித்துக்கொண்டிருந்தவர். அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு டாக்டர் வந்தார். நீலத் தொப்பி, மஞ்சள் அங்கி, கண்ணாடி, ரஷ்ய உச்சரிப்பு. தான் ஆசனவாய் மருத்துவர், உடனே பின்பக்கம் பரிசோதிக்க வேண்டும் என்றார். வந்தது ராபின். விபத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தேன், எப்படியும் பிழைத்துவிடுவேன் என்று தோன்றியது என்று ரீவ் பின்னால் எழுதினார். நாஜி முகாம்களைப் பற்றிய படத்தை எடுத்துக்கொண்டு போலந்தில் மனம் கனத்துக் கிடந்த இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, கால் மணி நேரம் சிரிக்க வைத்துவிட்டு, சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போதே டக்கென்று வைத்துவிடுவாராம். வீடில்லாதவர்களுக்காக 1986-லிருந்து சக காமெடி நடிகர்கள் பில்லி கிறிஸ்டல், ஊபி கோல்ட்பெர்க் இருவரோடும் சேர்ந்து நடத்திய 'காமிக் ரிலீஃப்' நிகழ்ச்சிகளில் கோடிக்கணக்கான டாலர் சேர்ந்தது.

தன் அழுகையை மறைக்க ஒருவர் செய்யும் வேலையாக இவற்றை என்னால் பார்க்க முடியவில்லை. இது அவருடைய தொழில், திறமை, நட்பைக் காட்டும் வழி. நம் நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவைப் பற்றிப் பேசும்போதும் அவர் பட்ட கஷ்டங்களையே பேசிவிட்டு, அந்தக் குரலுக்கும் ஆட்டத்துக்கும் அவர் போட்ட உழைப்பை விட்டுவிடுகிறோம். கஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் சந்திரபாபு ஆகிவிடவில்லை, அல்லவா?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் ஒரு சுரங்கச் சாலை வரும். அவர் பள்ளிக் காலத்திலும் கடைசிக் காலத்திலும் வாழ்ந்த மரின் மாவட்டத்துக்குப் போகும் வழி அது. அதன் வாயில் வளைவுகளில் வானவில் வண்ணம் அடித்திருக்கிறார்கள். அவரை மனத்தில் வைத்து யாரும் அதை அடிக்கவில்லை, ஆனாலும் பொருந்திப்போனது. 'மார்க் அண்ட் மிண்டி'யில் அவர் போட்டுக்கொண்டு வந்த, கால்சட்டையைத் தாங்கும் தோள்வார்களும் வானவில் நிறம்தான். 2015-ல் கலிபோர்னியா சட்டமன்றம் தீர்மானம் போட்டு அந்தச் சுரங்கத்துக்கு ராபின் வில்லியம்ஸ் சுரங்கம் என்று பெயர் வைத்தது. தினமும் அதன் வழியாக வேலைக்குப் போய் வருகிறார்கள் ஜனங்கள்.